இடது பக்கத்து டின்

என் மாமா நல்ல டிரைவர். ஆனால் என்ஜினைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று எட்டு வயதில் நான் முடிவு கட்டியிருந்தேன். எல்லோரிடமும் சொன்னேன். அவரிடமே சொன்னேன். எனக்கு அப்போதும் வாய் அதிகம்.

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். பீடோங்குக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், கூலிகளின் லயத்து வீட்டில் இருந்தோம். அப்பாவை ரயில் பாதை போட சயாமுக்குக் கொண்டுபோனார்கள். வரவில்லை. அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வேறு எதையும் எழுத மாட்டேன், அதனால் விடுகிறேன். அம்மாவின் தம்பிதான் எங்களுக்குச் சோறு போட்டார். சோறு என்பது பேச்சுக்கு. போட்டது மரவள்ளிக்கிழங்கு.

வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய பழைய பிக்கப் ஒன்று தோட்டத்தில் இருந்தது. அதற்கு மாமா டிரைவர். பெட்ரோல் கிடையாது. ரப்பரைக் காய்ச்சி இறக்கிய எண்ணெயில் ஓடியது. அது போன பாதையில் நாய்கூடத் தும்மும். வாரம் ஒருமுறை செமிலிங் போய் ஆற்றங்கரையிலிருந்து கூரை வேய அத்தாப்புக் கீற்றும் கருவாடும் ஏற்றி வருவார். கருவாடு பார்த்து வாங்க அத்தையும் போவார். நடுவில் என்னை உட்கார வைப்பார்கள். வழியில் ஜப்பான் சோதனைச் சாவடிச் சிப்பாய்களுக்கு நான் குனிந்து கும்பிடுவது பிடிக்கும். ஒருவன் மிட்டாய்கூடக் கொடுத்திருக்கிறான்.

பிக்கப்புக்கு ஒரு வியாதி இருந்தது. போகும்போது நன்றாகப் போகும். வரும்போது சாவடி வருவதற்குள் கொதிக்கும். மூன்று வாரம் இப்படியே. ஜப்பான் துரை மாமாவைக் கூப்பிட்டு, உடைந்த மலாயில், விரல் நீட்டிச் சொல்லிவிட்டான்: இது சரியாகாவிட்டால் வண்டி பட்டாளத்துக்கு, டிரைவர் சயாமுக்கு.

மாமா வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். முதலில் தண்ணீர் மேல் பழி. சேற்றுத் தண்ணீரை இறக்கிவிட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினார். கொதித்தது. காற்றாடி பெல்ட் வழுக்குகிறது என்று பழைய டயரை அறுத்துப் புது பெல்ட் போட்டார். அதற்கும் கொதித்தது. ரேடியேட்டருக்குள் துரு அடைத்திருக்கிறது என்று புளிப்பான பிலிம்பிங் காயைப் பிழிந்து சாற்றை ஊற்றி ஒரு நாள் ஊறவைத்தார். செங்கல் நிறத்தில் கொட்டியது. மறுநாள் துரையே ஏறி உட்கார்ந்து செமிலிங் வரை போய் வந்தான். ஒரு சொட்டு ஆவி இல்லை. மாமாவுக்கு ஒரு சிகரெட் கொடுத்தான்.

அடுத்த வாரம் அத்தையும் நானும் ஏறினோம். வரும்போது புஸ்ஸென்றது.

"எண்ணெய்தான் காரணம். ரப்பர் எண்ணெயில எந்த என்ஜின் நிக்கும்?" என்றார் மாமா.

"போகும்போதும் அதே எண்ணெய்தானே மாமா?"

"வாயை மூடிட்டு வா."

சாவடிக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டது. மாமா பானெட்டைத் திறந்து தண்ணீர் ஊற்றினார். நான் இறங்கி முன்பக்கம் போய்ப் பார்த்தேன். கம்பி வலைக்குப் பின்னால், ரேடியேட்டரை ஒட்டி, மெல்லிய மெத்தை மாதிரி ஒரு துணி தெரிந்தது. அத்தையின் பழைய நீலச் சீலை. காற்றே போகாமல் முகத்தை மூடி வைத்தால் எந்த வண்டி கொதிக்காது?

"மாமா! கண்டுபிடிச்சிட்டேன்! சூட்டுக்குக் காரணம் அத்தைதான்!"

அத்தையின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. சிப்பாய்கள் திரும்பினார்கள். மாமா வலையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"பினி நாயிக், கெரெத்தா பானாஸ், துவான்!"

பெண்டாட்டி ஏறினால் வண்டி சூடாகிறதாம். சிப்பாய்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவன் கதவைத் தொட்டுவிட்டுக் கை சுட்ட மாதிரி உதறிக் காட்டினான். அத்தையும் தலையில் அடித்துக்கொண்டார். சோதனை செய்யாமலே விட்டுவிட்டார்கள்.

துணிக்குள் அரிசி வைத்துத் தைத்திருந்தது என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். அனுமதி இல்லாமல் அரிசி கடத்தினால் அடித்தே கொல்வார்கள். அத்தை செமிலிங்கில் ஒரு மலாய்க்கார அம்மாவிடம் தன் கல்யாணச் சீலைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து அரிசி வாங்கிக்கொண்டிருந்தார். மாமாவிடம்கூடச் சொல்லவில்லை. அவர் முகத்தில் பொய் நிற்காது என்ற பயம். எனக்கு இது எதுவும் தெரியாது. நான் சரியாகக் கண்டுபிடித்ததைக் கேலியாக்கிவிட்டாரே என்ற ஆத்திரம்தான் எனக்கு.

"அங்க துணி மாட்டியிருக்கு மாமா."

"காத்துல பறந்து வந்திருக்கும்."

"அத்தை சீலை எப்படிப் பறக்கும்?"

"உங்க அத்தையே பறக்குற ஆளுதான். பேசாம வா."

அடுத்த வாரம் பிக்கப்பின் இரண்டு பக்கமும் மண்ணெண்ணெய் டின் ஒவ்வொன்று தொங்கியது. வண்டி சூடானால் ஊற்றத் தண்ணீர் என்று துரையிடம் அனுமதி வாங்கியிருந்தார். அத்தையிடம் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"இடது பக்க டின்னுல அடியில சின்ன ஓட்டை. தண்ணி நிக்காது. சும்மா ஜோடிக்குத் தொங்கட்டும்."

அத்தை அந்த டின்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "உள்ள ஏதாச்சும் கிடந்தா திட்டுவீங்களா?"

"ஓட்டை டின்னை எவன் திறந்து பாக்கப் போறான்?"

அதற்குப் பிறகு பிக்கப் கொதிக்கவே இல்லை. துரையும் சயாம் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு மட்டும் பொறுக்கவில்லை. ஓட்டை டின்னைத் தொங்கவிட்டுக்கொண்டு ஊர் சுற்றுகிறார், இவரெல்லாம் ஒரு டிரைவரா? ஒரு நாள் செமிலிங்கில் அவர்கள் கீற்று ஏற்றிக்கொண்டிருந்தபோது நானே வேலையில் இறங்கினேன். ரப்பர் மரத்திலிருந்து உரித்து வைத்திருந்த காய்ந்த ஒட்டுப்பாலை உருட்டி ஓட்டையில் திணித்தேன். டின்னின் குறுகிய வாயை அடைத்திருந்த தேங்காய் நாரைப் பிடுங்கிவிட்டு, கிணற்றிலிருந்து சிரட்டை சிரட்டையாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். பாதித் தண்ணீரிலேயே நிறைந்துவிட்டது. சின்ன டின் போல என்று நினைத்துக்கொண்டேன். திருப்பி அடைத்துவிட்டு, நல்ல பிள்ளையாக நடுவில் போய் உட்கார்ந்தேன். வண்டி நகர்ந்த பிறகுகூடச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும்.

சாவடியில் அன்று புதுச் சிப்பாய். சிரிக்காத மூஞ்சி. நான் கும்பிட்டதைக்கூடப் பார்க்கவில்லை. கீற்றுக் கட்டுகளைக் குத்திப் பார்த்தான். எங்களை இறக்கி சீட்டைத் தூக்கினான். வலது டின்னைத் திறந்து சாய்த்தான். தண்ணீர். இடது பக்கம் நடந்தான்.

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதிந்தது. மாமாவின் உதடு எதையோ முணுமுணுத்தது. எந்தச் சாமி என்று கேட்கவில்லை.

சிப்பாய் நாரைப் பிடுங்கினான். சாய்த்தான். வெள்ளையாகத் தண்ணீர் வழிந்தது.

மாமாவின் வாய் திறந்தது. அத்தையின் வாயும் திறந்தது. "அப்பா இனி?" என்றான் சிப்பாய், இது என்ன என்று.

மாமாவுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தடவை மூளை வேகமாக வேலை செய்தது. "சூசு கெத்தா, துவான்!" ரப்பர் பாலாம், ரேடியேட்டர் ஓட்டையை அடைக்க.

"இல்ல! நான் ஊத்துன நல்ல தண்ணி!" என்று கத்தினேன். தமிழில் கத்தியதால் உயிர் பிழைத்தோம். சிப்பாய் விரலை முகர்ந்தான், கால்சட்டையில் துடைத்தான், போ என்று கையை ஆட்டினான்.

ரப்பர் காட்டுக்குள் போனதும் மாமா வண்டியை நிறுத்தினார். "நீயா ஊத்துன?" என்றார். ஓட்டையை அடைத்த கதையைப் பெருமையாகச் சொன்னேன். அத்தை என் மண்டையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தார். குட்டிய கையாலேயே இழுத்து முத்தம் கொடுத்தார். மாமா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஒரே வேலைக்கு குட்டு, முத்தம், சிரிப்பு. இந்தக் குடும்பத்தில் யாருக்கும் புத்தி சரியில்லை என்று தோன்றியது.

அன்று வீட்டுக்கு வந்ததிலிருந்து எங்கள் ஆட்டுக்கல் ஓயவில்லை. எத்தனையோ மாதம் கழித்து தோசை. உளுந்து கிடையாது, வெறும் அரிசி. அத்தை லயத்தில் ஒரு வீடு விடாமல் கொடுத்தனுப்பினார். எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு தின்றார்கள். நான் ஒவ்வொரு கதவாகத் தட்டி, ஓட்டையை அடைத்து மாமாவைச் சயாமிலிருந்து காப்பாற்றியது நான்தான் என்று சொன்னேன். "ஆமா தாயி, நீதான்" என்றார்கள், வாய் நிறைய தோசையோடு. என்னைக் கொண்டாடத்தான் ஊரே தோசை சுடுகிறது என்று நம்பினேன்.

ஒரே ஒரு கோபம் மட்டும் ஆறவில்லை. நான் இறைத்தது கண்ணாடி மாதிரித் தண்ணீர். அது டின்னுக்குள் போய் எப்படி வெள்ளையானது? நாலாவது தோசையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். பிடிபடவில்லை.