முதல் வரியில் ஓர் இரண்டு

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் கம்ப்யூட்டர் புத்தகம் வாசிப்பதை மேலாளர் பார்த்துவிட்டார். வெளிநாட்டுக்கு வந்த புதிதில், பென்ரோஸ் என்ற இடத்துக் கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த காலம் அது. "ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே பிரிண்டரில் அச்சடிக்க வேண்டும். திங்கட்கிழமை வேலை செய்தால் உனக்கு மேசை. இல்லாவிட்டால் திரும்பவும் பெட்டி" என்றார். யோசிப்பதற்குள் என் முதுகு சம்மதித்துவிட்டது.

அதற்கென்று ஒரு மென்பொருளை யாரோ புண்ணியவான் எழுதி, இணையத்தில் இலவசமாக விட்டிருந்தான். சனிக்கிழமை, நகர மையத்தில் கணினி வேலை பார்த்த மதுரைத் தம்பியைத் துணைக்குக் கூட்டிவந்தேன். விளக்கக் குறிப்பைத் திறந்தோம். 'தாமதம்: தாமதத்தை அமைக்கும். தேவையான அளவு வைக்கவும்.' எல்லாமே இந்த அழகுதான்.

"தேவையான அளவெண்டா எவ்வளவு தம்பி?"

"எங்க அக்கா உப்புக்குச் சொல்ற அளவுதாண்ணே. திருப்பிக் கேட்டா, 'இதுகூடத் தெரியாதா'ம்பா."

குத்துமதிப்பாக நிரப்பிவிட்டுப் போனான்.

திங்கள் காலை பிரிண்டர் ஓடியது. ஆனால் லாரியில் அனுப்பும் ஒவ்வொரு சரக்குச் சீட்டும் இரண்டு இரண்டாக வந்தது. அமைப்புக் கோப்பைத் திறந்தால், உச்சியில் தனியாக ஒரு 2. குறிப்பைப் புரட்டினேன்: 'தனியே நிற்கும் எண் வழக்கமான பொருளில் கொள்ளப்படும்.' யாருடைய வழக்கம்? தம்பிக்குப் போன் போட்டேன்.

"ஐயோ அண்ணே, அது புள்ளையார் சுழி! கீபோர்டுல 'உ' இல்ல. 2-தான் பாக்க அப்படி இருந்துச்சு."

"உன்ர பிள்ளையார் எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா அடிக்கிறார், தம்பி!"

கன்னத்தில் போட்டுக்கொண்டு அதை அழித்தேன். சீட்டு ஒன்றாக வந்தது. சற்று நேரத்தில் மேலாளர் கையில் சீட்டோடு வந்து நின்றார். பெட்டிகள் என்னைக் கூப்பிடுவது காதில் கேட்டது.

"காலையில் இரண்டு வந்ததே? டிரைவருக்கு ஒன்று, நமக்கு ஒன்று. நல்ல யோசனை. ஏன் நிறுத்தினாய்?"

பிள்ளையார் மறுபடி உச்சியில் ஏறினார். எனக்கு மேசை கிடைத்தது. பின்னால் வருபவர் திண்டாடக் கூடாதே என்று, 'முதல் வரியை அழிக்க வேண்டாம்' என ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டினேன்.

நான் வேறு வேலைக்குப் போய்ப் பல காலம் கழித்து, அந்த மேசைக்கு வந்த வெள்ளைக்காரப் பிள்ளை போனில் கேட்டாள்: "முதல் வரியில் இருக்கும் 2 எதற்கு?"

பிள்ளையாரை எங்கிருந்து தொடங்குவது?

"வழக்கமானதுதான்" என்றேன்.

"யாருடைய வழக்கம்?" என்றாள். அந்தக் கேள்வி எனக்கு நன்றாகத் தெரியும்.