கைதட்டு வாங்கிய உவமை

களமருதூர் தனசேகரன் எங்கள் விவசாயிகள் சங்கத்தின் மேடைப் பேச்சாளன். பத்தாவது பெயில். குத்தகை வயலில் கிளி விரட்டிக் கத்திக் கத்தி வளர்ந்த குரல். நோட்டீசு எழுதுவது நான், அதை ஊர் கேட்கச் சொல்வது அவன்.

எந்த வாக்கியத்தையும் நேராக மேடைக்குக் கொண்டுபோக மாட்டான். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை ஏறும் ஜீப்பில் சொல்லிப் பார்ப்பான். நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் சனம் தலையைத் திருப்பினால் அது தேறியது. எதுகை மோனைக்குக் கைதட்டு வரும், கூட்டம் கலைந்ததும் மறந்துபோகும் என்பான். அடுக்கிச் சொன்னால் கோபம் ஏறும், சீக்கிரமே இறங்கியும்விடும். அதிகாரியைப் புகழ்வதுபோல் குத்தினால் சிரிப்பார்கள். சிரித்தவன் ஊர்வலத்துக்கு வரமாட்டான். கேள்வி கேட்டால்தான் சனம் யோசிக்கும் என்று நான் சண்டை போடுவேன்.

"யோசிக்கிறவன் வூட்டுக்குப் போயிடுவான் தோழர். உவமைதான் கூடவே வரும்."

டிரைவர் மார்ட்டின் திரும்பாமலே சொல்வார்: "தலைவரே, வண்டியில மீட்டிங் போட்டா டிக்கெட் ஜாஸ்திங்க."

அந்த ஜீப்பில்தான் வெள்ளிமலை சாலம்மாளைப் பார்த்தோம். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சாமை விதைக்கும் மலைச்சரிவுக்குப் பட்டா கிடையாது. தனசேகரனின் மோனையைக் கேட்டுவிட்டு, மடியிலிருந்த மூட்டையை நகர்த்தியபடி சொன்னார்.

"இன்னாத்துக்கு தம்பி இவ்ளோ சுத்தற? அந்த நெலம் நான் பெத்த புள்ள மாதிரி. பொறந்த சர்டிபிகேட் இல்லன்னா, புள்ள என்னுது இல்லன்னு ஆயிடுமா?"

ஜீப்பே திரும்பிப் பார்த்தது. உவமையும் கேள்வியும் ஒன்றாக வந்துவிட்டன. எங்கள் சண்டை அதோடு முடிந்தது.

"யக்கா, இத எனக்குக் குடுத்துடுங்க," என்றான்.

"எடுத்துக்கினு போ. பட்டா வாங்கிக் குடு."

மூன்று வருடம் அந்த வாக்கியத்தில்தான் சங்கம் நடந்தது. அவன் சொல்லி முடித்ததும், முன்வரிசையில் நின்று முதல் தட்டு தட்டுவது என் வேலை. பின்னால் கூட்டம் தட்டும். போகப்போக நான் தட்ட வேண்டியிருக்கவில்லை.

போன தையில் விடுதி கட்டும் கம்பெனி ஒன்று அந்தச் சரிவைக் கேட்டு வந்தது. பட்டா இல்லாத நிலம், ஊர்க்கூட்டம் சம்மதித்தால் போதும். அந்தக் கூட்டத்தில் கம்பெனிக்காகப் பேச எழுந்தவன் தனசேகரன். முதல்நாள் சாயங்காலம் என்னோடு டீ குடித்தவன்; ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இந்த நெலம் பெத்த புள்ள மாதிரின்னு எங்க சாலம்மா அக்கா சொல்லுவாங்க. சரிதான். புள்ளைய மடியிலயே வெச்சிக்கினு இருந்தா வளருமா? வசதியான வூட்ல வுட்டு ஆளாக்குறது தப்பா?"

கைதட்டு. வழக்கமான அதே இடத்தில். சாலம்மாளின் கொழுந்தனாரும் தட்டினார். தட்டிய கை சூடு ஆறுவதற்குள் தீர்மானத்துக்கும் தூக்கினார்கள்.

சாலம்மாள் எழுந்தார்.

"மேக்கால பலாமரம், கெழக்கால ஓடை. நடுவுல இருக்கறது என் நெலம். நான் தரமாட்டன்."

யாரும் தட்டவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

தனசேகரன் அவரைப் பார்க்காமலே கம்பெனிக் காரில் ஏறினான். நான் அவரிடம் போய், "அவன் இப்படிப் பண்ணுவான்னு நெனைக்கலக்கா," என்றேன்.

சாலம்மாள் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டார்.

"அவன் பேசனான், போனான். இவங்களுக்குத் தட்டப் பழக்கனது யாரு தோழரு?"