பச்சையாகவே இருந்த ப்ராஜெக்ட்

எங்கள் பெங்களூர் ஆபீசில் திங்கட்கிழமை மீட்டிங்குக்கு மூன்று நிறங்கள். வேலை ஒழுங்காகப் போனால் பச்சை, இழுத்தால் மஞ்சள், தேறாது என்றால் சிவப்பு. டெஸ்டிங் பார்க்கிற நான் சிவப்பு என்பேன். டீம் லீட் அதை மஞ்சளாக்குவார். மேனேஜர் வாயில் அது பச்சையாகிவிடும். டைரக்டருக்குப் பச்சையைத் தவிர வேறெதுவும் காதில் ஏறாது. "பிரச்சினையைத் தூக்கிட்டு வராதீங்க, சொல்யூஷனோட வாங்க" என்பார்.

அது ஆஸ்பத்திரிக்கான டோக்கன் சாஃப்ட்வேர். கூட்டம் கூடினால் ஒரே டோக்கனை இரண்டு பேருக்குக் கொடுத்துத் தொலைத்தது. தொண்டை கிழியக் கத்தினேன். "சும்னே பயமுறுத்தாதம்மா, அடுத்த வாரம் சரியாயிடும்" என்று கன்னடம் கலந்து சொன்னார் மேனேஜர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் வீடு ஜீவனஹள்ளி, என் வீடு ஈஜிபுரா, இரண்டு பேருக்கும் ஒரே ஆபீஸ் கேப். ஆபீஸ் சண்டையை வீடு வரைக்கும் இழுப்பேன்.

ஆஸ்பத்திரியில் அதை ஓடவிட்ட அன்று காலையிலேயே தள்ளுமுள்ளு. மதியத்துக்குள் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். உடனே மீட்டிங். "இவ்வளவு மோசம்னு ஏன் யாரும் என்கிட்ட சொல்லல? டெஸ்டிங் தூங்கிட்டிருந்துச்சா?" என்றார் டைரக்டர். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு ஒரு ஆளைக் காட்டியாக வேண்டும். போச்சு, நம்ம வேலை போச்சு என்று நினைத்தேன்.

"அவங்க வாராவாரம் சொன்னாங்க சார். நான்தான் பச்சைன்னேன்" என்றார் மேனேஜர். லீடைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஏன் பச்சை என்றார் என்பதையும் சொல்லவில்லை. சொல்வதென்றால் டைரக்டரின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை அவருடைய ஐடி கார்டை வாங்கிக்கொண்டார்கள். கார்டு இல்லாதவரை கேப்பில் ஏற்ற மாட்டார்களாம். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்தேன்.

"எல்லாத்தையும் ஏன் சார் உங்க தலையிலயே போட்டுக்கிட்டீங்க? அந்த டைரக்டர் மனுசன் ஜம்முனு உக்காந்திருக்கான்!" எனக்கு அழுகை முட்டியது.

"பச்சைன்னு சொன்னது என் வாய்தானேம்மா" என்றார். பஸ் வந்தது. "இனிமே கேப்ல நிம்மதியாத் தூங்கு" என்று சிரித்துக்கொண்டே ஏறினார். பாவம் மனுஷன்.

திங்கட்கிழமை டைரக்டரே மீட்டிங் நடத்தினார். அதே டோக்கன் சாஃப்ட்வேரை ஒட்டுப்போட்டு மறுபடி ஓடவிட வேண்டுமாம். "எல்லாம் பச்சைதானே?"

"சிவப்பு" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. லீடிடம், "மஞ்சள்னு வச்சுக்கலாமா?" என்று கேட்டார்.

மேனேஜர் உட்கார்ந்திருந்த நாற்காலியை லீட் ஒரு தடவை பார்த்தார்.

"இல்ல சார். சிவப்புதான்."