பால்மரத் தூண்கள்

செமோர் பக்கம் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் நான் கங்காணி. பழைய கூத்து மேடையைப் புதுப்பிக்கச் சொன்னார் துரை. காட்டில் கெட்டி மரம் தேடச் சோம்பல்பட்டு, வெட்டிக் கிடந்த ரப்பர்ப் பால்மரங்களையே தூணாக நிறுத்திச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன்.

“பால்மரம் உளுத்துப்போகும்ணே, தாங்காது” என்றான் பால் வெட்டுபவனும் கூத்தில் ஆடுபவனுமான முனியன்.

“நீ ஆடுற வேலைய மட்டும் பாரு” என்று அதட்டினேன்.

முதல் வருஷம் தாங்கியது. மறுவருஷத் திருவிழாவில் முனியன் பீமனாக ஆடும்போது மேடை சரிந்து அவன் கால் முறிந்தது.

“யார் தப்பு?” என்றார் துரை. வலியில் துடித்த முனியன் என் முகத்தைப் பார்த்தான்.

“நாந்தான் ஆவேசத்துல எகிறிக் குதிச்சிட்டேன், தொரை.”

இப்போதும் நொண்டிக்கொண்டேதான் பால் வெட்டுகிறான். அன்று அவன் சொன்னது இரக்கத்திலா, கங்காணி என்ற பயத்திலா? கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.