எரியும் பல்பு எது?

குட்டிக்கு ஐம்பத்தெட்டு வயது. பாதித் தலை நரைத்துவிட்டது, படியேறினால் முழங்கால் முனகுகிறது. ஆனாலும் மாடி வீட்டில் இருக்கும் அண்ணனுக்கு அவள் இன்னும் குட்டிதான். அவர் கடைசியாகப் பார்த்த தங்கைக்கு ஆறு வயது, முன்பல் இரண்டு விழுந்திருந்தது. அதற்குப் பிறகு அவள் எவ்வளவு வளர்ந்தாலும் அவருக்கென்ன தெரியும்? அதனால் நாமும் குட்டி என்றே வைத்துக்கொள்வோம்.

அண்ணனுக்கு ஒன்பது வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது பார்வையையும் எடுத்துக்கொண்டு போனது. மறுநாளிலிருந்து குட்டி வாயை மூடவில்லை. எதிரில் யார் வருகிறார்கள், பஸ் என்ன நிறம், புத்தகத்தில் என்ன படம், அப்பா சிரிக்கிறாரா முறைக்கிறாரா, எல்லாவற்றையும் ஒப்பித்துக்கொண்டே இருந்தாள். அந்த வாய் எங்கே போய் நிற்குமோ என்று அம்மா கவலைப்பட்டாள். அது கடைசியில் மாதச் சம்பளத்தில் போய் நின்றது.

ஆமாம், வேலையே அதுதான். மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறையில் நடக்கும் ஓர் அறிவியல் இணையதளத்துக்கு அவள் படம் வரைந்துகொண்டிருந்தாள். பள்ளிப் பிள்ளைகளுக்கான தளம். தவளையின் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். இரண்டு வருஷத்துக்கு முன்பு, பார்வையில்லாத பிள்ளைகளும் இதில் படிக்க வேண்டும் என்று மேலாளருக்குத் தோன்றியது. மேலாளர் என்றால் முப்பது வயதுப் பெண், எல்லாரையும் அக்கா, அண்ணா என்று கூப்பிட்டே வேலை வாங்கிவிடுகிறவள். அந்தப் பிள்ளைகளுக்குத் திரையில் இருப்பதைக் கணினியே வாய்விட்டுப் படித்துச் சொல்லும். எழுத்தென்றால் சரளமாகப் படிக்கும், படம் வந்தால் மட்டும் 'படம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால், அதில் என்ன இருக்கிறது என்று யாராவது எழுதிவைக்க வேண்டும். நாலாயிரம் படம். கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லாம் மேலே ஓடும் மின்விசிறியை ஆராய்ந்தார்கள். குட்டி மட்டும் கையைத் தூக்கினாள்.

எழுதியதைச் சரிபார்க்க அண்ணனைத்தான் சேர்த்துக்கொண்டார்கள். மருத்துவமனையில் தொலைபேசி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை, மூக்கின் மேல் கோபம். படித்துச் சொல்லும் கணினிக் குரலுக்கு 'வாயாடி' என்று பெயர் வைத்திருந்தார். வீட்டில் ஏற்கெனவே ஒரு வாயாடி இருக்கிறாள், இது இரண்டாவது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். ஒரு பக்கத்தை முடித்ததும் அவர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் கடைசிக் கேள்வி: எந்த உதவியும் இல்லாமல் முடித்தீர்களா? இரண்டு வருஷமாக அவர் 'ஆம்' என்றே போட்டு வந்தார். மேலாளர் அதை எடுத்துச் சொல்லும்போதெல்லாம் குட்டிக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

பாடம் எல்லாம் முடிந்து, வினாப் பகுதி வந்தது. இதில்தான் இழுபறி. பார்வையில்லாத பிள்ளைகள் பாடத்தைக் கேட்டால் போதாதா, படத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் கேள்வியெல்லாம் எதற்கு என்று தளத்தை நடத்தும் குழுவில் சிலர் முணுமுணுத்தார்கள். குட்டி சண்டை போட்டுத்தான் அதை வாங்கினாள். மற்ற பிள்ளைகள் விளையாடுவதை ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா என்று கேட்டாள். சரி, ஆனால் உதவியில்லாமல் முடிக்க முடிகிறது என்று வெள்ளிக்கிழமைக்குள் சோதித்தவர் ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வினாப் பகுதியை எடுத்துவிடுவோம் என்றார்கள். குட்டி அதற்கெல்லாம் அசரவில்லை. சோதிக்கப்போவது யார், சொந்த அண்ணன்.

செவ்வாய்க்கிழமை படிவம் வந்தது. மின்சாரப் பாடம், பத்துக் கேள்வி, பத்தும் சரி. கடைசிக் கேள்விக்கு மட்டும் 'இல்லை' என்று இருந்தது.

குட்டிக்குச் சுர்ரென்று ஏறியது. அன்று முழுவதும் மாடியில் அவரைத் தவிர ஈ காக்காய் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காபியில் சர்க்கரை குறைந்ததற்கு இப்படிப் பழிவாங்குகிறாரா என்றுகூட நினைத்தாள். முழங்காலை மறந்து மாடி ஏறினாள்.

"யாரு வந்து உதவி பண்ணாங்க உங்களுக்கு?"

"நீதான்," என்றார் அண்ணன்.

அவர் நாற்காலியை நகர்த்தி உட்காரச் சொன்னார். பிறகு வாயாடியை விட்டு ஐந்தாவது கேள்வியைப் படிக்கச் செய்தார். நான்கு படம். ஒவ்வொன்றிலும் ஒரு பேட்டரி, ஒரு பல்பு, இரண்டு கம்பி. எதில் பல்பு எரியும்? முதல் மூன்று படத்துக்கும் குட்டி ஆளுக்கொரு வரி எழுதியிருந்தாள். நான்காவதற்கு வந்ததும் பாசம் பொங்கியிருக்கிறது: 'இதில் கம்பிகள் சரியான இடங்களில் தொட்டு, மின்சாரம் தடையில்லாமல் ஒரு சுற்று வந்து சேர்கிறது.' வாயாடி அதைக் கொஞ்சமும் வெட்கமில்லாமல் படித்தது.

குட்டிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் மற்ற கேள்விகளிலும் அதே கதைதான். மிதக்கும் பொருளைக் கேட்டால் 'லேசான மரக்கட்டை' என்று எழுதியிருந்தாள், காந்தத்தைக் கேட்டால் அதன் பக்கத்தில் ஆணியை ஒட்ட வைத்திருந்தாள். விடையின் வாசல்வரை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் உள்ளே தள்ளிவிடுவது அவள் பழக்கம். சின்ன வயதில் பைக்குள் இருப்பதைத் தடவிக் கண்டுபிடிக்கும் விளையாட்டிலும் இதையே செய்தாள். அண்ணன் தோற்று அவள் பார்த்ததில்லை. பார்க்க அவளுக்குத் தைரியம் கிடையாது.

"அம்பது வருஷமா என்னைத் தப்பு பண்ணவே விடல நீ," என்றார் அண்ணன். கோபமாகச் சொல்லவில்லை. "நான் சும்மா இருந்துட்டேன். ஆனா அந்தப் பசங்களுக்கும் இப்படியே பண்ணாத."

கீழே வந்து குட்டி கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பேட்டரி, டார்ச் பல்பு, இரண்டு துண்டுக் கம்பி எல்லாம் எடுத்து மேசையில் வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் அலுவலகத்தில் யாரோடும் பேசவில்லை. எது எங்கே தொடுகிறது என்பதை மட்டும் எழுத வேண்டும், ஒரு படத்துக்கு மூன்று வரி என்றால் நான்குக்கும் மூன்று வரிதான். சரியான படத்துக்கு வந்ததும் கை தானாக ஒரு நல்ல வார்த்தையைச் சேர்க்கப் பார்க்கும். அதை அழிப்பாள். மறுபடி சேர்க்கும், மறுபடி அழிப்பாள். பழைய விடை அண்ணனுக்கு நினைவில் இருக்குமே என்று படங்களின் வரிசையையும் மாற்றிப்போட்டாள். பத்துக் கேள்விக்கு அவள் இவ்வளவு பாடுபட்டதில்லை.

வியாழக்கிழமை மாலை அண்ணன் சோதிக்க உட்கார்ந்தார். அவளும் கூடவே இருக்கட்டும் என்றார். ஐந்தாவது கேள்வி வந்தது. முதல் படம்: பேட்டரியின் மேல்முனையிலிருந்து ஒரு கம்பி பல்பின் அடிநுனியைத் தொடுகிறது. கீழ்முனையிலிருந்து ஒரு கம்பி அதே அடிநுனியைத் தொடுகிறது. மூன்றாவது படம்: ஒரு கம்பி அடிநுனியை, மற்றது பல்பின் பக்கவாட்டு உலோகத்தை. அண்ணன் நான்கையும் இரண்டு முறை கேட்டார். நெற்றியைத் தேய்த்தார்.

"குட்டி, இங்கதானே இருக்க?"

"இருக்கேண்ணா," என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வெளியே வரவிடாமல் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவர் விரல் முதல் படத்துக்குப் போவதைப் பார்த்தாள். ஒரு இருமல் போதும், அவர் விரல் நின்றுவிடும். அவள் இருமவில்லை.

தவறு என்றது வாயாடி.

அண்ணன் எழுந்து, அலமாரியைத் துழாவி டார்ச்சை எடுத்து, பல்பைத் திருகிக் கழற்றினார். கட்டைவிரலால் அடிநுனியைத் தடவினார். மெதுவாக மேலே ஏறி, சுற்றியிருந்த உலோக மரையைத் தடவினார். திரும்பவும் கீழே, திரும்பவும் மேலே.

"அட, பக்கத்துலயும் தொடணுமா," என்றார். "இத்தனை வருஷம் டார்ச் வச்சிருக்கேன், இது தெரியாமப் போச்சே."

மற்ற கேள்விகளையும் முடித்தார். இன்னும் இரண்டில் தவறினார். குட்டி எப்படியோ பிழைத்துக்கொண்டாள். படிவத்தின் கடைசிக் கேள்வியை வாயாடி படித்ததும் அவர் யோசிக்காமல் 'ஆம்' என்று போட்டார். அப்புறம் மதிப்பெண்ணைச் சொல்லச் சொன்னார். பத்துக்கு ஏழு. ஒரு முறை கேட்டது அவருக்குப் போதவில்லை, இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

பல்பு இன்னும் அவர் உள்ளங்கையில்தான் இருந்தது. தங்கை இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ஏழு, குட்டி," என்றார். "ஏழும் நான் வாங்கினது."