முருகலட்சுமியின் வலது கை

திருவாடானைப் பக்கத்துக் கிராமங்களில் எலும்பு முறிவுக்கும் தராதரம் உண்டு. மதுரைக்குப் போய் பிளேட்டு வைத்துத் திரும்பியவர் முதல் வரிசை. அவரைப் பார்க்க ஆப்பிள் வாங்கிக்கொண்டு போக வேண்டும். மாவுக்கட்டுப் போட்டவருக்குச் சாத்துக்குடி போதும். நாட்டு வைத்தியரிடம் முட்டைப்பத்துப் போட்டு மூங்கில் தப்பை கட்டியவரை வெறுங்கையோடு போய்ப் பார்க்கலாம், ஆனால் போயே ஆக வேண்டும். முருகலட்சுமிக்கு வாய்த்த முறிவு இந்த மூன்றிலும் சேரவில்லை. அதனால் யாரும் வரவில்லை.

முறிந்த விதத்தில் குறை சொல்ல முடியாது. கணவன் தவசியின் மொபெட்டில், மடியில் மிளகாய் மூட்டையோடு ஒருக்களித்து உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தாள். யாரோ கட்டி, வெள்ளையடிக்க மறந்திருந்த வேகத்தடை, வண்டியைப் போகவிட்டு அவளை மட்டும் தடுத்தது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே வலது கை எலும்பு இரண்டாகப் போயிற்று. மூட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தவசி பார்ப்பவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொன்னான்.

ராமநாதபுரத்தில் எலும்பு டாக்டர் முஹைதீன் முதலில் தற்காலிகமாக ஒரு கட்டுப் போட்டார். வீக்கம் வற்றியதும் அதைப் பிரித்துவிட்டு, மேல்கையைச் சுற்றி இரண்டு பிளாஸ்டிக் ஓடுகளை வைத்துப் பட்டைகளால் இறுக்கினார்.

"ஆபரேஷன் இல்லையா சார்?" என்று கேட்டான் தவசி, கலியாணப் பந்தியில் பாயசம் இல்லை என்று கேள்விப்பட்டவனைப் போல.

"இந்த முறிவுக்கு வேண்டாம். அம்மாவுக்குச் சர்க்கரை வேற இருக்கு. இதுக்குப் பேரு பிரேஸ். கை கீழ தொங்கணும்; அந்தக் கனமே எலும்பை நேரா இழுத்துக் குடுத்துரும். சுத்தியிருக்குற சதையை இது இறுக்கிப் பிடிச்சுக்கும். முழங்கையை எதுலயும் ஊனாதீங்க. சாஞ்ச வாக்குலதான் தூங்கணும். முக்கியமா, நான் சொல்ற வரைக்கும் கையைப் பக்கவாட்டுல தூக்கவே கூடாது. எலும்பு நகந்துச்சுன்னா அப்புறம் கத்திதான். அதை ஒட்டி ஓடுற நரம்பு கெட்டா மணிக்கட்டு தொங்கிப்போகும்."

முருகலட்சுமி கீழ்ப்படிந்தாள். கீழ்ப்படிவதில் அவளுக்கு முப்பது வருடச் சம்சார அனுபவம் இருந்தது. சுவரில் சாய்ந்து தூங்கினாள். கையைத் தொங்கவிட்டு, சொல்லிக்கொடுத்தபடி மெல்ல ஆட்டினாள். கழுத்திலிருந்து மணிக்கட்டைத் தாங்கிய பட்டியையும் டாக்டர் கழற்றச் சொன்ன வாரத்தில்தான் உச்சிப்புளியிலிருந்து செய்தி வந்தது. தங்கச்சி முத்துராக்குவின் கணவன் வீரையா, சாப்பிட உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

அக்காளும் தங்கச்சியும் பேச்சு நின்று ஆறு வருடம் ஆகிறது. காரணம் ஒரு சிங்கம். முருகலட்சுமி தன் மகள் சடங்குக்கு வைத்த ஃபிளக்ஸில் சொந்தபந்தம் அத்தனை பேரின் முகமும் இருந்தது. டிசைன் செய்தவன் சிங்கத்துக்கு இடம் போதாமல் ஒரு ஆளைக் கழித்திருந்தான். அந்த ஆள் வீரையா. தட்டியை நட்டு நிறுத்திய பிறகுதான் முருகலட்சுமியே பார்த்தாள். முத்துராக்கு பந்தியில் உட்காராமல் புருஷனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அந்தச் சனத்துக்குக் கிடையாது. கேட்டால் தப்புச் செய்ததாக ஆகிவிடும். அதற்குப் பதிலாக ஊர் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. முகம் கொடுக்காத பெண்கள் சாவு விழுந்த கேத வீட்டில் ஒருத்தி கழுத்தை ஒருத்தி இரண்டு கையாலும் கட்டி அழுதுவிட்டால் பழையது போயிற்று. மறுநாளே பேச ஆரம்பிக்கலாம், யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். அங்கேயும் கட்டி அழாவிட்டால், அதோடு உறவு முடிந்தது.

ஆறு வருடமாக முருகலட்சுமி தங்கச்சியோடு சேர ஏங்கியிருந்தாள். கூடப் பிறந்தது அவள் ஒருத்திதான். ஆனால் இப்படி ஒரு சாவில் என்று நினைத்ததில்லை.

"நான் வாரேன்," என்றாள்.

"வா. ஆனா அந்த டப்பா தெரியாம மூடிக்க," என்றான் தவசி. "கேத வீட்டுக்கு பளபளன்னு மாட்டிக்கிட்டுப் போனா சனம் என்ன பேசும்?"

நியாயமாகப் பட்டது. முழங்கை தாண்டிய கைவைத்த சட்டை போட்டு, முந்தானையை வலது தோளில் சுற்றி மூடிக்கொண்டாள். கையின் முறிவு மொத்தமும் அதற்குள் மறைந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரோட்டோரத்தில் வீரையா நின்றார். கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸ். பக்கத்தில் சிங்கம் இல்லை, சொந்தபந்தம் இல்லை. முழுத் தட்டியும் அவருக்கே. முருகலட்சுமி தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

பந்தலுக்குள் அவள் நுழைந்ததும் முத்துராக்கு பார்த்துவிட்டாள். பெண்கள் வட்டத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தவள், யாரும் தூக்கிவிடாமல் தானே எழுந்தாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா... சிங்கமாட்டம் இருந்த மனுசன் போயிட்டாருக்கா..."

சிங்கத்தை அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டாள். முருகலட்சுமியின் இடது கை தங்கச்சியின் முதுகைச் சுற்றி வளைத்தது. வலது கை, சுதந்திர தினத்துக்கு நிற்கும் போலீஸ்காரர் கையைப் போல, நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

தூக்கிப் பார்த்தாள். அரைச் சாண் எழுந்திருக்கும். உள்ளே என்னமோ கிளுக்கென்றது. சூடான கம்பியைச் செருகினாற்போல் வலி விரல் வரை ஓடியது. கத்தி, நரம்பு, மணிக்கட்டு என்று டாக்டர் சொன்னதெல்லாம் காதில் கேட்டது. கையைக் கீழே விட்டாள்.

முத்துராக்குவின் அழுகை நின்றது. முகத்தைப் பின்னுக்கு இழுத்து, தொங்குகிற கையைப் பார்த்தாள்.

"என் புருசன் செத்தும் ஒனக்கு ரெண்டு கை வரலையாக்கா?"

"கை ஒடிஞ்சு கெடக்குடி."

"ஒடிஞ்ச கையின்னா கட்டு எங்க?" என்றாள் வட்டத்தில் ஒருத்தி. நியாயமான கேள்வி.

முருகலட்சுமி முந்தானையை விலக்கி, சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இது பெல்ட்டுல்ல? எங்க மதினி இடுப்பு வலிக்குப் போட்டுருக்கா."

"பெல்ட்டுப் போட்டுக்கிட்டு அவ களை எடுக்கப் போறாத்தா!"

"ஆஸ்பத்திரியில எலும்ப ஒட்டாமலா அனுப்புவாக?"

தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. முத்துராக்கு திரும்பிப் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். அடுத்து வந்தவள் அவளை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். முருகலட்சுமி பந்தல் காலோரம் நின்று தனியாக அழுதாள். தனியாக அழுவதற்கு அங்கே கணக்கு வழக்கு கிடையாது. யாரும் பார்க்கவும் இல்லை.

கருமாதியன்று தவசி தன் புத்தியைக் காட்டினான். எக்ஸ்ரே படத்தை உறையோடு எடுத்துப் போய்ப் பந்தியில் சுற்றவிட்டான். ஆண்கள் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, "ஒடிஞ்சுதான் இருக்கு" என்று வைத்தியம் படித்தவர்களைப் போல ஒப்புக்கொண்டார்கள். கடைசியில் படம் முத்துராக்குவிடம் போனது. அவள் கையில் வாங்கவில்லை.

"அன்னைக்கு அவருக்கு ஒரு படம் போட மனசில்ல. இன்னைக்கு எலும்பைப் படம் புடிச்சு எடுத்துட்டு வந்திருக்காக."

வாசலில் நின்ற முருகலட்சுமிக்கு அது நன்றாகக் கேட்டது. தங்கச்சி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

பிறகு போன் செய்து பார்த்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மகன் வந்து முத்துராக்குவைத் திருப்பூருக்குக் கூட்டிப்போய்விட்டானாம். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறார்களாம். அதையும் யாரோ பஸ்ஸில் பார்த்துச் சொன்னார்கள்.

மிளகாய்ப் பழம் பறிப்பு முடியும் சமயத்தில் டாக்டர் பிரேஸைக் கழற்றினார். புதுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையின் பேப்பரைப் பார்க்கும் வாத்தியாரைப் போலப் பூரித்தார்.

"லேசா ஒரு வளைவு இருக்கு, வெளிய தெரியாது. சொன்னபடி கேட்டீங்க, கத்தியே வைக்காம எலும்பு நல்லா சேந்துருச்சு. இப்பத் தூக்குங்க பாப்போம்."

முருகலட்சுமி கையைப் பக்கவாட்டில் தூக்கினாள். வலிக்கவில்லை. முத்துராக்கு அவளைவிட ஒரு சாண் குட்டை. அந்தக் கழுத்து இருக்கும் உயரத்துக்கு வந்ததும் கை நின்றது. முழங்கை தானாக உள்பக்கம் வளைந்தது.

"இன்னும் மேல வரும்மா. பயப்படாதீங்க."

"வரும் சார்," என்றாள். "இம்புட்டு வந்தாப் போதும்."