அத்தான் எரிக்காத கடிதம்

அக்காவின் கணவர் பதினான்கு வருஷம் கப்பலில் வேலை செய்துவிட்டு, யுத்தம் மும்முரமாக நடந்த காலத்தில் திருகோணமலைக்குத் திரும்பி வந்தார். ஓடக்கூடியவர்கள் எல்லாரும் வெளிநாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம். இந்த மனிசன் மட்டும் ஏன் திரும்பி வருகிறார்? அன்றைக்கே எனக்கு உறுத்தத் தொடங்கிவிட்டது. நான் பிறவிச் சந்தேகக்காரி. தேங்காய் வாங்கினாலும் மூன்று தரம் குலுக்கிப் பார்ப்பேன்.

துறைமுகத்துக்குப் போகிற தெருவில் எங்கள் வீடு. அக்கா, அத்தான், நான், மூன்று பேர்தான். மாதத்தில் இரண்டொரு தரம் அத்தானுக்கு வெளிநாட்டுக் கடிதம் வரும். அனுப்பியவர் பெயர் இருக்காது. குசினியில் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து, வாய்க்குள் முணுமுணுத்தபடி இரண்டு தரம் வாசிப்பார். பிறகு நெருப்பில் வைத்துவிட்டுச் சாம்பலையும் கிளறிவிடுவார். அடுத்த நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு இறக்கக்கண்டிப் பக்கமோ தம்பலகாமப் பக்கமோ போய்விடுவார். கேட்டால், "ஒரு ஆளைப் பாக்க வேணும்" என்பார்.

அக்கா எதையும் கேட்கமாட்டாள். நானோ, ஏதோ ஒரு துறைமுகத்தில் இவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது, அக்காவின் வாழ்க்கை நாசமாகப் போகிறது என்று முடிவே கட்டிவிட்டேன். ஒருநாள் நேரே கேட்டேன்.

"கடிதத்தை ஏன் அத்தான் எரிக்கிறீங்கள்?"

"ஊர் ஊராத் திரியிறவனுக்கு கையில பாஸ்போட்டும் அடையாள அட்டையும் இருந்தாக் காணும். மிச்சமெல்லாம் தலைக்குள்ள இருக்க வேணும். சட்டைப் பைக்குள்ள கிடந்த ஒரு துண்டால எத்தினை பேர் பிடிபட்டதைப் பாத்தனான்."

"அக்காவுக்காவது சொல்லலாம்தானே?"

"ஒண்டும் தெரியாத ஆளை அடிச்சுக் கேட்டாலும் என்னத்தைச் சொல்லுறது?"

நல்ல கள்ளன் என்று நினைத்துக்கொண்டேன்.

மாரி மழை பெய்துகொண்டிருந்த ஒரு பின்னேரம். அத்தான் கடிதம் வாசித்து முடிக்கவும் வாசல் படலையில் பொலிஸ் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. எந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்திருந்த பட்டியலைச் சரிபார்க்க வந்திருந்தார்கள். அத்தான் கடிதத்தை அடுப்புக்குள் செருகிவிட்டு எழுந்து போனார். விறகு ஈரம், நெருப்புப் பிடிக்கவில்லை. நான் கடிதத்தை இழுத்தெடுத்துவிட்டு, பழைய கொப்பித்தாள் ஒன்றைத் திணித்து ஊதி எரித்தேன்.

எழுதியது ஒரு பெடியன். "அண்ணை, நான் வேற இடம் மாறிட்டன். சுகமா இருக்கிறன் எண்டு அம்மாட்டச் சொல்லுங்கோ. நான் வீட்டுக்கு எழுதினால், மகன் எங்க எண்டு ஆமி அவவைத் தோண்டித் துருவும்."

அந்த இடத்திலேயே அதை நெருப்பில் போட்டிருக்க வேண்டும். என் சந்தேகப் புத்தி போகவில்லை. ஒரு கடிதம் பெடியனுடையது என்றால் எல்லாமே அப்படியா? அடுத்தது வரட்டும், இரண்டு கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று என் அலுமாரியில் சீலைகளுக்குக் கீழே ஒளித்துவைத்தேன்.

அடுத்த கடிதம் வரவில்லை. சுற்றிவளைப்புத்தான் வந்தது. காலையில் ஆமி வீட்டுக்குள் நுழைந்து அலுமாரியைக் கொட்டியது. கடிதத்தைத் தமிழ் தெரிந்த ஒருவன் வாசித்துவிட்டு, இது யாருடையது என்று கேட்டான். நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"என்ர" என்றார் அத்தான். ஒருதரம் என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், அக்காவும் நானும் முகாம் வாசலில் காத்துக்கிடந்தோம். அவர் உயிரோடு வருவாரா என்பதே தெரியாது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. பயம். அதைவிட வெட்கம்.

வந்தார். இடது காது கேட்கவில்லை. அக்கா சோறு போட்டாள். அவர் கை கழுவும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"எல்லாத்தையும் எரிக்கிற நீங்கள் அதை மட்டும் ஏன் வைச்சிருந்தனீங்கள்? அதுவும் இவளின்ர சீலைக்குக் கீழ?"

அத்தான் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்து அக்காவின் முகம் கறுத்தது. நான் பதறிப்போய் அவள் காலடியில் குந்தியிருந்து, ஈர விறகு, கொப்பித்தாள், கையெழுத்து என்று ஒன்றும் விடாமல் அழுதழுது சொன்னேன்.

"நல்லாக் கதை கட்டுறாய்" என்றாள்.

அந்தக் கிழமையே தரகரைக் கூப்பிட்டாள். "தங்கச்சிக்கு வெளிநாட்டு மாப்பிள்ளையாப் பாருங்கோ. எவ்வளவு தூரம் எண்டாலும் பரவாயில்லை."

நான் கனடாவுக்கு வந்தது அப்படித்தான்.